பேட்டரிக்குத் தண்ணி இல்லை

"மாற்று எரிசக்தியும் நீடித்த வளர்ச்சியும்." ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பெருமக்கள் கூடிக் கலந்துரையாடிய தேசியக் கருத்தரங்கின் தலைப்பு இது. வாசலில் பச்சை நிறத்தில் ஃபிளெக்ஸ். அதில் இரண்டு கைகள் பூமிப்பந்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பூமிப்பந்தைவிடப் பெரிதாகத் துணைவேந்தர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஜன்னல்களை அடைத்து, திரையை இழுத்துவிட்டு, எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு சூரிய ஒளியைப் பற்றிப் பேசினார்கள். ஏசி 18 டிகிரியில் ஓடியது. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று ஒரு பேராசிரியர் படம் போட்டு விளக்கினார். பலத்த கைதட்டல். ரிமோட்டை மட்டும் யாரும் தொடவில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் தங்களுக்குப் போட்ட பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டு மேடைகளில் பொன்னாடை ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான்.

2019 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்குத் தடை. அந்தத் தடையை மனதாரப் பாராட்டி முடித்தவருக்கு அதே கப்பில் டீ வந்தது. இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.

அடுத்தவர் டென்மார்க் காற்றாலைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். 1986லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை நட்ட மாநிலம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. அந்தப் பெயர்கள் அவர் வாயில் வரவே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுந்தாள்: "ஆடிக் காத்துல கரண்ட் மிஞ்சும்போது காத்தாலைகளை நிறுத்தச் சொல்றாங்களே சார், அதைச் சேமிச்சு வைக்க நம்ம துறை என்ன ஆராய்ச்சி பண்ணுது?" "அருமையான கேள்வி. சாப்பாட்டு இடைவேளையில் பேசுவோம்" என்றார் அமர்வுத் தலைவர். இடைவேளையில் அவர் பிரியாணி வரிசையில் இருந்தார். அந்தப் பெண்ணின் வழிகாட்டி அவளை ஓரமாக அழைத்து, "தீசிஸ் முடிக்கிற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று கேட்டார்.

இத்தனை ஆரவாரமும் எதற்கு? உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஓர் அளவுகோல் உண்டு. மாற்று எரிசக்தி வசதி இருக்கிறதா என்று அதில் கேட்பார்கள். இருந்தால் இடக்குறியோடு புகைப்படம் ஏற்ற வேண்டும். ஆகவே சூரியத் தகடு கூரையில் இருக்க வேண்டும். அது ஓட வேண்டுமா என்பதைப் புகைப்படம் காட்டாது.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தகடுகளின் மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. ஒன்றின் மேல் யாருடைய வேட்டியோ காய்ந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் விசாரித்தேன். "இன்வெர்ட்டர்ல ஒரு கோளாறும் இல்ல சார். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். வாங்கித் தாங்கன்னு எழுதிக் குடுத்தேன். நிதி இல்லன்னு ஃபைல் திரும்பி வந்துச்சு. தண்ணி வத்தி பிளேட்டு காஞ்சு மொத்த பேட்டரியும் போச்சு." கீழே மேடையில் ஆளுக்கொரு நினைவுப் பரிசு வழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பரிசுகளுக்கான பில் மட்டும் தாமதமில்லாமல் கையெழுத்தாகியிருந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் கருத்தரங்கில் இடம் உண்டு: மைக் கரகரத்தால் ஓடிவந்து சரிசெய்ய வேண்டும்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த 18 டிகிரி குளிருக்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்கள் கசிந்து, சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. எண்ணூர் மீனவர்கள் வலையில் சேற்றை அள்ளினார்கள். 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேலேயே இயந்திரங்களை ஏற்றினார்கள். கட்டுரைத் தொகுப்பில் இந்த ஊர்களின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஐஎஸ்பிஎன் எண் மட்டும் தவறாமல் இருந்தது. ஊர் எரிகிற நெருப்பில் பதவி உயர்வுக்கு மதிப்பெண் வறுத்துத் தின்கிறவர்களுக்கு அறிஞர் என்று பெயர்!

இனி எந்தப் பல்கலைக்கழகமும் பசுமை பற்றி வாய் திறக்குமுன் இரண்டு காரியம் செய்யட்டும். மாதாமாதம் தன் மின் கட்டண ரசீதை நுழைவாயிலில் ஒட்டட்டும். கூரைத் தகடு அந்த மாதம் எத்தனை யூனிட் கொடுத்தது என்று பக்கத்தில் எழுதட்டும். மாணவர்களே, அந்தத் தாளைக் கேளுங்கள். காட்ட மறுப்பவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.