காரிலார் ஏரி நூல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் செய்வோர் எல்லையும் நுதலிய பொருளும் கேட்போரும் பயனும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. அவ்வாறே சொல்லுவாம். இந்நூலுக்கு வடவெல்லை கொடைக்கானல், தென்னெல்லை தேக்கடி, மேலெல்லை மூணாறு, கீழெல்லை தேனி பஸ் நிலையம். நடுவூர் பொட்டிபுரம். நுதலிய பொருள், சொந்தக் கார் இல்லாத குடும்பம் மலைமேல் உள்ள ஏரியைக் கண்டு, அன்றே, புறப்பட்ட தலைக்கணக்குக் குறையாமல் வீடு திரும்புதல். கேட்போர், உறவினர் வீட்டுப் பந்தியில் "நாங்க கார்லயே போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டோம்ல" என்ற பேச்சுக்கு விடை தெரியாமல் இலையைப் பார்த்துக் குனிந்தவர்கள். பயன், அடுத்த பந்தியில் நிமிர்தல்.

பொட்டிபுரத்தை நடுவூராகக் கொண்டது என்னை எனின், மலையைக் கடப்பது பற்றி ஆராய ஏற்ற இடம் என்று விஞ்ஞானிகளே தேர்ந்த ஊர் அது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகம் இவ்வூர் மலைக்குள்தான் வருவதாக இருந்தது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், தலைக்குமேல் ஒரு கிலோமீட்டருக்கு மிகுந்த பாறை, உள்ளே 50,000 டன் இரும்பு என்பது திட்டம். எதிர்ப்பும் வழக்குமாக அது முடங்கிக் கிடக்கிறது. நியூட்ரினோவோ இதற்கெல்லாம் காத்திராமல் மலையை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு டிக்கெட் இல்லை, மூட்டை இல்லை, குமட்டல் இல்லை, குடும்பம் இல்லை.

பொட்டிபுரத்துக் குடும்பத்துக்கு இந்நான்கும் உண்டு. ஆகவே அதே மலையை ஏற அதற்குப் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் வேண்டியிருக்கின்றன. ஒரே ஓர் ஒற்றுமை மட்டும் காணப்படும். நியூட்ரினோ மூவகைப்படும், போகிற வழியிலேயே ஒரு வகை இன்னொரு வகையாக மாறும். போடியில் சிரித்துக்கொண்டு ஏறிய பிள்ளையும் போடிமெட்டில் இறங்கும்போது வேறு பிள்ளை. துகளின் மாற்றத்தை ஆராயக் கோடிகள் ஒதுக்கிய நாடு, பிள்ளையின் மாற்றத்தை ஆராயக் காலணா ஒதுக்கவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

1. முன்னோரியல்

*கார்இல் குடும்பம் ஏரி காண்டல்*
*ஏறலும் இருக்கை பற்றலும் வளைவு*
*தாங்கலும் கட்டுச்சோறு உண்டலும் கரையில்*
*நடத்தலும் என்றாங்கு ஐவகைத்து ஆகும்.*

இதன் பொருள் வெளிப்படை. இவ்வைந்தும் இன்று நேற்று வந்தவை அல்ல.

மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கினார். அக்காலத்தில் உலகில் ஒருவரிடமும் கார் இல்லை. ஆகவே கொடைக்கானல் ஏரி, காரில்லாதவர் காரில்லாதவருக்காகத் தேக்கியது என்பது போதரும். 1875இல் கொடைரோடு ரயில் நிலையம் வந்த பிறகும், வெள்ளைக்காரக் குடும்பங்கள் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளத்தருகே உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் நாற்காலியிலும் மலையேறின. நாற்காலியைச் சுமந்தவர் நம்மூர்க்காரர். அவர் ஏரியைக் கண்டாரா என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மனிதருக்கு இந்த வசதி என்றால் தேயிலைக்கு இன்னும் உயர்ந்த வசதி இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. ஒரு வளைவும் இல்லை. ஒரு பெட்டிக்கும் குமட்டவில்லை. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோயிற்று. இன்று போடிக்காரர் அதே டாப் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால் மூணாறு சுற்றி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறார். போய், பாறை விளிம்பில் நின்று, "அந்தா பாரு, கீழ தெரியுதுல, அதான் நம்ம ஊரு" என்று பிள்ளைக்குக் காட்டுகிறார்.

அண்மைக்கால முன்னோடி அரிக்கொம்பன். ஆனையிறங்கல் ஏரியைச் சுற்றிய சின்னக்கானல் பகுதியில் இருந்த இந்தக் காட்டு யானையை 2023 ஏப்ரல் இறுதியில் பிடித்து, லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஓர் ஏரிப் பக்கத்திலிருந்து இன்னோர் ஏரிப் பக்கத்துக்கு அரசுச் செலவில் பயணம். அவரோ வாகனத்தை நம்பவில்லை. கால்நடையாகவே மேகமலை பார்த்து, மே 27 அன்று கம்பத்துக்குள் நுழைந்து, ஊரை வீட்டுக்குள் இருத்தினார். ஜூனில் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பினார்கள், மறுபடியும் லாரியில்.

ஆயினும் இத்துறையின் மெய்யான அறிஞர் இவருள் ஒருவரும் அல்லர். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் வட்டாரத்திலிருந்து நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களே அவர். விடியுமுன் தூக்குவாளியோடு கிளம்பி, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறி, பொழுது சாய இறங்குகிறார்கள். நாம் ஆண்டுக்கொரு முறை தாங்கும் வளைவுகளை இவர்கள் கூலிக்காக அன்றாடம் இருமுறை தாங்குகிறார்கள். நம் பாயசத்தில் விழும் ஏலக்காய் அந்த வழியே வருவது. வழியில் ஏரி தெரிந்தாலும் இறங்கிப் பார்க்க அவர்களுக்குப் பொழுது இல்லை.

2. இருக்கையியல்

*துண்டும் பையும் சன்னல்வழி எறிந்து*
*கொண்டது தமதெனக் கூறலும் உளவே.*

'கூறலும்' என்ற உம்மையால், கூறிய பின் சண்டை போடுதலும் தழுவப்பட்டது.

பொட்டிபுரத்திலிருந்து போடிக்கு டவுன் பஸ். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அப்பத்தா, மனைவி, மகள் மூவரும் அரசின் விருந்தினர். குடும்பத்தலைவர் ஒருவர்தான் காசு கொடுத்து ஏறிய அந்நியர். போடியில் மலை பஸ் மாறியதும் இந்நிலை மாறி எல்லாரும் சமமாவர். அப்போது கண்டக்டர் கடைக்குட்டியைப் பார்த்து, "தம்பிக்கு என்ன வயசு?" என்பார். தகப்பன் வாய் திறப்பதற்குள், "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்று தம்பியே உரக்கச் சொல்லும். வாய்மை என்பது அரை டிக்கெட் விலையுள்ளது என்று குடும்பம் அறியும் இடம் இது.

இருக்கை கிடைத்தபின் அதைப் பகிர்தல் அடுத்த சிக்கல். சன்னலோரம் வேடிக்கை பார்க்க விரும்புவோர்க்கு உரியதா, வாந்தி எடுக்கப் போவோர்க்கு உரியதா என்பதில் இரு கட்சி உண்டு. பின்னவர்க்கே என்பது எம் கருத்து. முன்னவர்க்குக் கொடுத்துப் பார்த்த குடும்பங்களும் நான்காம் வளைவில் இக்கருத்துக்கே வந்து சேர்ந்தன.

3. வளைவியல்

*பதினேழ் வளைவினும் பாலர்முன் வெளுப்பர்;*
*எலுமிச்சை முகர்தலும் இஞ்சி மெல்லலும்*
*சன்னல் தருதலும் மருந்தென மொழிப.*

பாலர்க்கு வெளுப்பு வருதற்குக் காரணம் உண்டு. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, "திரும்புகிறோம்" என்கிறது. முன் இருக்கையின் முதுகைப் பார்க்கும் கண், "அசையவே இல்லை" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, நடுவர் வயிற்றைத் தண்டிக்கிறார். சாலையையே பார்த்துக்கொண்டிருக்கும் டிரைவருக்கு மட்டும் குமட்டாமைக்கு ஏது இம்முரண் இன்மையே. ஆகவே பிள்ளையைத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுக. செல்போனைப் பிடுங்கி வைக்க. ஏலக்காய் மெல்லலாமோ எனின், மெல்லலாம். ஏலக்காய் ஏலமே நடக்கும் போடியில் அதைக் காசு கொடுத்து வாங்கும்போது வரும் மயக்கம் தனி.

அற்றேல், கட்டுச்சோற்றை எப்போது அவிழ்ப்பது எனின், மலையேறி முடித்த பின். புளிச்சோறு மாலைவரை தாங்கும். தயிர்ச்சோறும் மேலே குளிரில் புளிக்காது. பிள்ளையின் வயிறுதான் தாங்காது.

மூட்டையும் இங்கேயே சொல்லப்படும். போகும்போது சோறு இருந்த பை வரும்போது காலியாக வர வேண்டும் என்பது கணக்கு. அவ்வாறு வந்த பையை இதுகாறும் ஒருவரும் கண்டதில்லை. சோறு நீங்கிய வெற்றிடத்தில் தேயிலைத்தூள் பொட்டலமும் கேரட் கட்டும் சாக்லேட்டும் புகுந்துகொள்ளும். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பது மேனாட்டார் கொள்கை. பையுடைய அப்பத்தாவும் வெறுப்பார் என்பது எம் சேர்க்கை.

4. ஏரியியல்

*எத்துணைக் கார்வரினும் ஏரிமுன் நிற்கும்;*
*இறங்கி நடத்தல் எல்லார்க்கும் ஒப்பே.*

இந்நூலின் உயிர்நிலை இந்நூற்பா.

பொட்டிபுரத்தார்க்கு உரிய ஏரி நான்கு. நான்கும் மனிதர் தேக்கியவையே. "இயற்கையான ஏரி" என்று உச்சுக்கொட்டுவோர் இதனை அறிக. முதலாவது ஆனையிறங்கல். போடியிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் பூப்பாறை தாண்டினால், தேயிலைக்கு நடுவே சன்னல் வழியே தெரியும். இறங்காமலே காணலாம் என்பது இதன் சிறப்பு. நாம் உட்கார்ந்த பக்கத்தில் தெரியாது என்பது இதன் வழக்கம். இரண்டாவது மூணாறுக்கு அப்பால் மாட்டுப்பட்டியும் குண்டளையும். ஒரே சாலையில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றாக எண்ணப்பட்டன.

மூன்றாவது தேக்கடி. பென்னிகுயிக் கட்டி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர்ப்பரப்பு. கம்பம் வழியாகக் குமுளிக்குப் பஸ் உண்டு. இங்கே ஒரு விந்தை. காரில் வருவோர் ஆனவச்சால் மைதானத்தில் காரை நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் படகுத்துறைக்குப் போக வேண்டும். அதாவது, பஸ் வேண்டாம் என்று கார் வாங்கியவர், காரோடு மலையேறி, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார். அவருக்கு முன்னால் நிற்பது நாம்.

நான்காவது கொடைக்கானல். தேனி, பெரியகுளம் வழி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர்க் கார்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸ் இல்லை. இறங்கினால் பஸ் நிலையத்திலிருந்து ஏரி நடக்கிற தூரம்.

அஃதேல், கார் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாமே எனின், நிறுத்தலாம், இடம் கிடைப்பின். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஏரிச்சாலையைச் சுற்றும் கார்க்காரர் ஏரியைப் பார்ப்பதில்லை. முன்னால் போகும் காரின் பின்பக்கத்தைப் பார்க்கிறார்.

அஃதேல், அவசரத்துக்குக் கார் வேண்டாவோ எனின், அது நல்ல வினா. மலையில் இருட்டும் மழையும் சீக்கிரம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பாறை சரிந்து போடிமெட்டுச் சாலை அடைபடுவதும் உண்டு. நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டார் ஜீப்போ வேனோ பேசிக்கொண்டு போவதே முறை. ஏனையோர்க்கு விதி ஒன்று. மேலே இறங்கியவுடன் ஏரி எங்கே என்று கேட்காதே. கடைசி பஸ் எப்போது என்று கேள். கண்டக்டரிடம் ஒருமுறை, டீக்கடையில் ஒருமுறை. இரண்டு விடையும் வேறுபட்டால் முந்தைய நேரத்தைக் கொள்க.

புறனடை

போகவே முடியாதவர் என் செய்வர் எனின், அவர்க்கும் வழி உண்டு. தேக்கடி ஏரியின் நீரே சுரங்கம் வழியாக மலையைத் துளைத்து லோயர் கேம்புக்கு இறங்கி, மின்சாரம் தந்து, முல்லையாற்றில் கலந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. 18-ஆம் கால்வாய் வழியே உத்தமபாளையம், போடி வட்டங்களின் கண்மாய்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆடிக்கு வந்தாலும் ஆவணிக்கு வந்தாலும் அது காரில் வருவதில்லை.

முடிபு இது. ஏரித் தண்ணீர் விளிம்பு வரை எந்தக் காரும் போகாது. இறங்கி நடக்கும் தூரம் எல்லார்க்கும் உண்டு. காரில்லாதவர் சற்று முன்பே இறங்கியவர், அவ்வளவே.

கடைசியாக, இரு மாநிலப் போக்குவரத்துத் துறையினர்க்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போடியில் கிளம்பி, ஆனையிறங்கல் கரையில் இரண்டு மணி நேரம் நின்று, இருட்டுமுன் திரும்பும் பஸ் ஒன்று விடுங்கள். ஏலத்தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறட்டும். முதல் வரிசைச் சன்னல் இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.