வராத கதைக்கு ஒப்பாரி

ஏஞ்சாமி, இன்னும் எத்தன வருசத்துக்கு இந்த மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிவ? 2018 நவம்பர்ல ஜப்பான்காரன் ஒரு கதைய நிறுத்துனான். அன்னைக்குத் தொங்குனது உன்ற மொகம். நடுவுல உனக்குக் காலேஜ் முடிஞ்சுது, வேலை கெடச்சுது, பொண்ணு பேச்சும் வந்துருச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்கறப்பவும், “லூனாஃப்ரேயாவ அப்பிடிப் பாதியில சாகடிச்சிருக்கக் கூடாது”ன்னு கூட்டாளிகிட்ட போன்ல பேசிக்கிட்டு நிக்கற. நல்ல வேளை, அவிங்க அத நம்ம பங்காளி ஊட்டுப் புள்ளைன்னு நெனச்சுக்கிட்டாங்க. போறப்ப உங்கொப்பன்கிட்டத் துக்கம் வேற விசாரிச்சுட்டுப் போனாங்க.

அப்பாருக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நெனைக்காத. நீ டிவி முன்னால உக்காந்து ராத்திரி ராத்திரியா ஃபைனல் ஃபேன்டஸி 15 ஆடறப்ப, பின்னால கயித்துக் கட்டல்ல கண்ண மூடுனாப்புல கெடந்தவன் நாந்தான். எல்லாம் காதுல உழுந்துச்சு, பாதி கண்ணுலயும் உழுந்துச்சு. நாக்டிஸ்னு ஒரு ராசா மவன், மூணு கூட்டாளிக, ஒரு கறுப்புக் காரு. பொண்ணு ஊட்டுக்குக் கெளம்புனவிங்க. கதை ஆரம்பிக்கறதே காரு நின்னு போயி நடு ரோட்டுல தள்ளறதுலதான். எனக்கு அப்பவே புடிச்சுப் போச்சு. ராசா ஊட்டு வண்டியே தள்ளுனாத்தான் போகுமுன்னா நம்ம டிராக்டரத் திட்ட நமக்கு என்ன ரோக்கியதை இருக்குது?

ஒருத்தன் சோறாக்கறான், ஒருத்தன் போட்டோப் புடிக்கறான், ஒருத்தன் கூடாரம் அடிக்கறான், ராசா மவன் மீன் புடிக்கறான். காய்கறியப் பாத்தா அவனுக்கு ஆகாது. அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தன் இருக்கறானேன்னு எனக்கு ஒரு ஆறுதல். அந்தத் தடியன் கிளாடியோலஸ் கப் நூடுல்ஸுக்கு உருகுனான் பாரு, ராசா செத்து ஊரே எரிஞ்சு கெடக்கறப்ப, கப் நூடுல்ஸுக்கு எத்த கறி எதுன்னு தேடி ஒரு வேட்டை. நெசமாவே கடையில விக்கற நூடுல்ஸ்தான் அதுன்னு நீ சொன்னப்பத்தான் எனக்குச் சூட்சுமம் புரிஞ்சுது. சோகக் கதைக்கு நடுவுல வெளம்பரம் போடறது நம்ம டிவி சீரியல் மட்டுமில்ல.

இப்ப ஞாயத்துக்கு வருவோம்.

இந்த ஆட்டத்த அந்த ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனிக்காரன் மொதமொத அறிவிச்சது 2006ல, ‘வெர்சஸ் 13’னு வேற பேர்ல. உனக்கு அப்ப மூக்கொழுகற வயசு. 2013ல பேர மாத்துனாங்க. நொமுராங்கறவர் ஆரம்பிச்சதத் தபாட்டாங்கறவர் கையில குடுத்தாங்க. 2016 செப்டம்பர் 30ன்னு தேதி வெச்சாங்க, அதையும் நவம்பர் 29க்குத் தள்ளுனாங்க. பத்து வருசம் கண்ணு, பத்து வருசம்! அத்தன வருசம் அடுப்புல வெச்சு எறக்குனது முழுசா வந்துச்சான்னா, அதுதான் இல்ல. ராசா எப்பிடிச் செத்தாருன்னு கேட்டா ‘கிங்ஸ்கிளேவ்’னு தனிப் படம் பாக்கோணுங்கற. கூட்டாளிக எப்பிடிக் கூட்டாளி ஆனாங்கன்னு கேட்டா ‘பிரதர்ஹூட்’னு கார்ட்டூன் பாக்கோணுங்கற. நடுக் கதையில அந்தத் தடியன், “எனக்கு ஒரு சோலி இருக்குது”ன்னு போனான், மொகத்துல வெட்டுக் காயத்தோட வந்தான். என்னடா ஆச்சுன்னேன். “அது 2017 மார்ச்சுல தனியா வருது அப்பாரு”ன்ன. போட்டோக்காரப் பையன் காணாமப் போனான். “அது சூன் மாசம்”ன்ன. சோறாக்கறவன் இக்னிஸ், பாவம், ரெண்டு கண்ணும் போயி நின்னான். எனக்கு மனசே கேக்கல, எந்திரிச்சு உக்காந்துட்டேன். எப்பிடிடா போச்சுன்னேன். “டிசம்பர்ல”ன்ன.

ஒருத்தனுக்குக் கண்ணு போனதக் கேக்க மாசக்கணக்காக் காத்திருந்த பொறுமைய உன்ற ஆத்தா மருந்து வாங்கிட்டு வரச் சொன்னப்ப ஒருக்காவாவது காட்டியிருக்கறயா?

ஆனா ஒண்ணு. இதுல அவனும் ஒரு தப்புப் பண்ணிட்டான். ஆட்டத்துல பதிமூணாம் பாகம் சவசவன்னு, ஒத்தையில இருட்டுக் கட்டடத்துல நடந்துக்கிட்டே இருக்குதுன்னு நீங்க எல்லாம் கத்துனீங்க. அவன் 2017 மார்ச்சுலயே பேட்ச் போட்டு அதுக்கு மாத்து வழி ஒண்ணு வெச்சான். அடுத்த வருசம் ராயல் எடிசன்னு கொண்டாந்து கடைசிப் பாகத்த இன்னும் நீட்டுனான். கத்துனாக் கதை மாறுமுன்னு உங்களப் பழக்குனவனே அவன்தான். முடிஞ்ச கதைன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு ஆயிருச்சு. அதனாலதான் நாக்டிஸ் செத்தப்ப நீ அழுததோட உடல, கடைசிப் படம் ஓடி முடியறதுக்குள்ள, “இதுக்கும் ஏதாவது போடுவாங்க அப்பாரு”ன்ன.

போடறேன்னுதான் அவனும் சொன்னான். நாலு கதை. ‘த டான் ஆஃப் த ஃபியூச்சர்’னு பேரு வேற. வில்லன் ஆர்டினுக்கு ஒண்ணு, ஈட்டி வெச்சுக்கிட்டு வானத்துல தாவற அரானியாவுக்கு ஒண்ணு, கல்யாணப் பொண்ணு லூனாவுக்கு ஒண்ணு, கடைசியா நாக்டிஸுக்கு ஒண்ணு. செத்தவிங்க விதியவே திருப்பிப் போடற கதைன்னு கேட்டதும் நீ அந்த வாரம் பூரா ஊட்டுல எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்த. எனக்கு அப்பவே சந்தேகம்.

2018 நவம்பர் 8ஆந் தேதி ஒரு நிகழ்ச்சி வருதுன்னு விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு உக்காந்த. தபாட்டா கம்பெனிய உட்டே போயிட்டாருன்னு சேதி. கூடவே அரானியா இல்ல, லூனா இல்ல, நாக்டிஸ் இல்ல. ஆர்டின் மட்டும் வருவான். அதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாலதான் ஸ்கொயர் எனிக்ஸ், தன்ற லூமினஸ் புரொடக்சன்ஸ் ஸ்டுடியோ கணக்குல 370 கோடி யென் நட்டம்னு எழுதியிருந்துச்சு. புதுசாப் பெரிய ஆட்டம் பண்ணப் போறோம், பழசுக்கு இனி நேரமில்லைன்னு ஆயிருச்சு. கணக்குப்புள்ள பேனாவ எடுத்தா ராசா மவன் என்ன, கல்யாணப் பொண்ணு என்ன?

நாலு பேர்ல பொழச்சவன் வில்லன் ஒருத்தன். இதுல உனக்கு ஆச்சரியம் வேற. நம்ம ஊரு சொசைட்டி எலக்சன நீ பாத்ததில்லயா?

உன்ற கோவத்துல ஞாயமே இல்லைன்னு நான் சொல்லல. லூனா புள்ளைய நெனச்சா எனக்கும் ஒரு மாதிரிதான். சின்ன வயசுல ரெண்டும் பாத்துக்கிட்டதுதான். பொறவு வருசக்கணக்கா ஒரு நாய் நோட்டுப் புஸ்தகத்தச் சொமந்துக்கிட்டு இங்கயும் அங்கயும் ஓடுச்சு. கல்யாணத்துக்குன்னு ஆல்டிசியா பட்டணத்துக்கு வந்து சேந்தா, மாப்ள கண்ணெதிரே வரவும் இவ கத்திக் குத்துப் பட்டுக் கெடக்கவும் சரியாப் போச்சு. ரெண்டு வார்த்தை நேர்ல பேசல. அந்தக் கதைய எழுதறேன்னு சொல்லீட்டு எழுதாம உட்டான் பாரு, அது தப்புத்தான். இதுல என்ற வயித்தெரிச்சல் எதுல தெரியுமா? மீன் புடிக்கறதுக்குன்னே, தலையில ஒரு டப்பாவ மாட்டிக்கிட்டு ஆடற மாதிரி, ‘மான்ஸ்டர் ஆஃப் த டீப்’னு தனி ஆட்டமே 2017ல எறக்குனானுங்க. செல்போன்ல ஆடறதுக்குப் பொம்மை பொம்மையா ஒரு பாக்கெட் எடிசன் போட்டானுங்க. அசாசின்ஸ் கிரீடு சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு நோம்பி நடத்துனானுங்க. மீனுக்கு நேரம் இருந்துச்சு, சட்டைக்கு நேரம் இருந்துச்சு. கட்டிக்கப் போற பொண்ணுக்கு மட்டும் நேரமில்ல.

ஆனா கண்ணு, காசு போச்சுன்னு மட்டும் சொல்லாத. நீ வாங்குன சீசன் பாஸுக்குக் கூட்டாளிக மூணு பேர் கதையும் வந்துருச்சு, கூட்டமா ஆடற ‘காம்ரேட்ஸ்’சும் வந்துருச்சு. நிறுத்துன மூணுக்கும் உங்கிட்ட அவன் அஞ்சு பைசா வாங்கல. நீ குடுத்தது ஆசை. அதுக்கு ரசீது கெடையாது.

இன்னொண்ணும் கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்தக் கடைசிச் சண்டைக்கு முன்னால, வழி நெடுக எடுத்த போட்டோவெல்லாம் காட்டி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கன்னு சொன்னானே, அந்த எடம். நீ அரை மணி நேரம் பாத்த. சண்டையில ஜெயிச்ச படம் எத்தனையோ இருந்துச்சு, பெரிய பெரிய மிருகத்துமேல ஏறி நின்ன படம் இருந்துச்சு. நீ எடுத்தது நாலு பேரும் கார்கிட்டச் சும்மா நின்னு சிரிச்ச படம். அதையேதான் கடைசியில சிம்மாசனத்துல லூனாகிட்டக் காட்டுனான். காட்டிட்டு ரெண்டு பேரும் இல்லாமப் போனாங்க. நீ மூக்க உறிஞ்சுனது கட்டல் வரைக்கும் கேட்டுச்சு. “இது மாதிரி முடிவு எந்த ஆட்டத்துலயும் இல்ல அப்பாரு”ன்னு என்னைய எழுப்பிச் சொன்ன. நானும் அப்பத்தான் முழிச்சாப்புல எந்திரிச்சேன்.

அதே வாயிதான் ஒண்ணரை வருசம் கழிச்சு, “அவன உசிரோட கொண்டாரோணும்”னு கேட்டுச்சு. அவன் சாகறானேன்னுதான அந்தப் போட்டோவுக்கு அரை மணி நேரம் ஆச்சு? திரும்பி வரப் போறான்னு தெரிஞ்சிருந்தா மொதப் படத்தையே அமுக்கிட்டு, சோத்துக்கு எந்திரிச்சிருப்ப.

எழுப்பறதே தப்புன்னு சொல்ற வம்சமில்ல நாம. அண்ணமார் கதையில பொன்னரும் சங்கரும் படுகளத்துல செத்துக் கெடக்கறாங்க. தங்கச்சி தங்காள் காடெல்லாம் அழுதுக்கிட்டு வந்து, பெரியகாண்டியம்மன் அருள்ல அவிங்கள எழுப்பறா. உடுக்கைச் சத்தத்துல அந்தக் கட்டம் வர்றப்ப இன்னைக்கும் கூத்துல பொம்பளைக தேம்புவாங்க. ஆனா எழுந்தவிங்க என்ன பண்ணுனாங்க? அம்மிணிகிட்ட நாலு வார்த்தை பேசுனாங்க, திரும்பப் போயிட்டாங்க. எங்க காலம் ஆயிருச்சுன்னுட்டாங்க. ஊருக்கு வந்து பண்ணையம் பாத்தாங்கன்னு எந்தப் பாட்டுக்காரனும் பாடல. பாடியிருந்தா விடிய விடிய யாரு உக்காந்து கேப்பாங்க?

நான் இதச் சொன்னா, “நீங்க பழைய ஆளு”ங்கற. சரி, புது ஆளு நீ, உன்ற கதைக்கே வர்றேன். நிறுத்துன மூணையும் அவன் அப்பிடியே பொதைச்சுடல. 2019ல நாலையும் சேத்துப் புஸ்தகமாப் போட்டான், அடுத்த வருசம் இங்கிலீஷ்லயும் வந்துச்சு. லூனா எந்திரிச்சு வர்றா. பகாமுத்துங்கற சாமியே வில்லன்னு ஆவுது. கடைசியில ராசா மவனும் பொழைக்கறான், பொண்ணும் பொழைக்கறா. நீ கேட்டது அத்தனையும் அதுல இருக்குது. வாங்குன. ரெண்டு நாளு ரூம் கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டுப் படிச்ச. மூணாம் நாளு சோத்துல கைய வெச்சுக்கிட்டே என்ன சொன்ன? “நல்லாத்தான் இருக்குது அப்பாரு... ஆனா ஆட்டத்துல இருந்த அது இல்ல.”

எது இல்லைன்னு நான் கேக்கல. கேட்டிருந்தா, படிக்கறது வேற, ஆடறது வேறன்னு ஒரு மணி நேரம் வெளக்கியிருப்ப. ஞாயந்தான், வேறதான். ஆனா அந்தப் புஸ்தகத்த அன்னைக்கு அட்டாலியில போட்டவன் இன்னும் எறக்கல. வராத கதைய மட்டும் தெனமும் எறக்கி வெச்சுத் தொடச்சுக்கிட்டு இருக்கற. அதுல கெராபிக்ஸ் சொதப்பாது, நடுவுல தொங்கி நிக்காது, எந்தப் பாகமும் சவசவன்னு இருக்காது. உன்ற மண்டைக்குள்ள ஓடற அந்தக் கடைசிக் கதைக்கு ஈடா எந்தக் கம்பெனிக்காரனாலயும் எடுத்திருக்க முடியாது. சொல்லப்போனா, அவன் எடுக்காம உட்டதுக்கு நீ ஒரு தேங்கா ஒடைக்கோணும்.

இல்லைங்கறயா? பழசுக்கு நேரமில்லைன்னு சொல்லி அவிங்க பண்ணுன அந்தப் புது ஆட்டத்தப் பாரு. ‘ஃபோர்ஸ்போக்கன்’னு 2023 சனவரியில வந்துச்சு. வந்த சுருக்குல பேச்சு அடங்குச்சு. அதே வருசம் மே மாசம் லூமினஸ் ஸ்டுடியோவையே தாய்க் கம்பெனிக்குள்ள இழுத்து மூடிட்டாங்க. தபாட்டா வெளிய போயித் தனிக் கம்பெனி வெச்சு, பாராலிம்பிக்ஸுக்கு ஒரு ஆட்டம் பண்ணுனாரு. அவரவர் சோலியப் பாக்கறாங்க. சம்பளம் வாங்குனவிங்களே மறந்துட்டாங்க, சம்பளமில்லாத நீதான் இன்னும் டூட்டி பாக்கற.

இனி எவனாவது ஸ்க்ரீன்ல வந்து நின்னு, “அடுத்த வருசம் நாலு கதை, அதுக்கடுத்த வருசம் ரெண்டு”ன்னு பட்டியல் காட்டுனான்னா, கும்புடு போட்டுட்டு எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு. வந்ததுக்குப் பொறவு வாங்கலாம். எல்லாம் வந்து, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி, பாதி வெலைக்குப் போடறப்ப வாங்குனா இன்னும் நல்லது. இக்னிஸுக்குக் கண்ணு போன அன்னைக்கே ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம், எனக்கும் தூக்கம் கெடாது. இத நான் சொன்னா நீ தலையாட்டுவ, அடுத்த ஆட்டத்துக்கு மொத ஆளா முன்பணம் கட்டுவ. அதும் எனக்குத் தெரியும்.

ஆர்டின் கதை வந்துச்சே, 2019 மார்ச்சுல. “மிச்ச மூணும் வராட்டி இத எவன் வாங்குவான்”னு ஊரெல்லாம் சொல்லிட்டு மொத நாளே எறக்குன. ராசா மவனா இருந்து அந்த ஊரு ஒளிய மீட்க ராத்திரி ராத்திரியாப் பாடுபட்ட பய, ஆர்டினா மாறி அதே ஊரு நோம்பியில பூந்து, கூரைக்குக் கூரை தாவி, நாக்டிஸோட அப்பனையே அடிச்சுத் தள்ளுனப்ப, நீ சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு! தொப்பிய வேற மாத்தி மாத்திப் போட்டுப் பாத்த. அந்த வாரம் பூரா லூனா பேரு ஒருக்காக்கூட உன்ற வாயில வரல. நான் தூங்கலடா, கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்.