நூறு பெட்டிகள்

கேள்வி: நாலு அலுமினியப் பெட்டியை வரிசையாக வைத்துவிட்டு ‘மினிமலிசக் கலை’ என்கிறார்களே, அதில் பார்க்க என்னதான் இருக்கிறது?

பதில்: நாலு இல்லை, நூறு! டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஃபா என்ற சிற்றூரில், பழைய ராணுவ முகாமின் இரண்டு பீரங்கிக் கொட்டகைகளுக்காக சிற்பக் கலைஞர் டொனால்ட் ஜட் 1982 முதல் 1986 வரை உருவாக்கியவை. ஒவ்வொன்றும் 41 அங்குல உயரம், 51 அங்குல அகலம், 72 அங்குல நீளம். வெளியளவில் இம்மி பிசகாது. வித்தையெல்லாம் உள்ளே. ஒன்றில் குறுக்கே தகடு ஓடும், இன்னொன்றில் தடுப்பு சாய்ந்து நிற்கும், வேறொன்றில் ஒரு பக்கமே திறந்து கிடக்கும். நூறில் ஒன்றைப் போல் மற்றொன்று கிடையாது.

கொட்டகையின் பெரிய கதவுகளை எடுத்துவிட்டு ஜட் கண்ணாடி ஜன்னல்கள் வைத்தார். வெயில் சாய்வாக உள்ளே விழும்போது, வெறும் தகடு தரையையும் வானத்தையும் வாங்கிக் காட்டும். இரண்டடி நகருங்கள், அதே தகடு மங்கிச் சாம்பலாகிவிடும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்க, மாறியது உங்கள் நடையும் வெளிச்சமும்தான். பெட்டிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்துக்கும் நீள அகலம் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்த வகைப் படைப்புகள் பார்வையாளர் வந்தால்தான் நடக்கிற நாடகம் என்று 1967-இல் விமர்சகர் மைக்கேல் ஃப்ரீட் குறை சொன்னார். அவர் குறையாகச் சொன்னதையே நான் பெரிய நிறையாக நினைக்கிறேன்.

படைப்பை அடிக்கடி இடம் மாற்றுவது ஜட்டுக்குப் பிடித்ததில்லை. அதனால் பெட்டிகள் ஊர் ஊராக வராது. பார்க்க ஆசைப்பட்டால் நாம்தான் மார்ஃபாவுக்கு வண்டி ஏற வேண்டும்.