ஒழுகுறது மாடி, நழுவுறது ஆளு

வாங்க மாப்ள, உக்காருங்க. மாடி ஒழுகுதுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க, எனக்குன்னா சந்தோசந்தான். மழை பெய்யாத காய்ஞ்ச பூமியாப் போனதாலதான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்க நல்லாக் காஞ்சு, நாம பொழச்சோம். அப்பேர்ப்பட்ட சிவகாசியில ஒருத்தர் வீட்டு மாடி ஒழுகுதுன்னா, ஊருக்கே கௌரவம்ல!

சரி, யாரைக் கேட்டீங்க? கான்ட்ராக்டர் டைல்ஸ் பதிச்சவனைக் காட்டுனாரு. அவன் பிளம்பரைக் காட்டுனான். பிளம்பர் கொத்தனாரைக் காட்ட, கொத்தனார் எம்-சாண்ட் சரியில்லன்னுட்டாரு. எம்-சாண்டுக்கு வாய் இல்ல, விசாரணை அதோட முடிஞ்சுபோச்சு.

நம்ம பக்கம் இது புதுசா என்ன? பட்டாசு ஆலை லைசென்சு ஒருத்தர் பேர்ல இருக்கும், ஷெட்டை உள்குத்தகைக்கு எடுத்து வேலை நடத்துறது வேற ஆளா இருக்கும். 2021 பிப்ரவரி 12-ல சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துல பட்டாசு ஆலை வெடிச்சு இருபதுக்கு மேல உயிர் போச்சே, அப்பவும் உள்குத்தகைப் பேச்சுதான் அடிபட்டுச்சு. பசுமைத் தீர்ப்பாயமே தானா முன்வந்து விசாரிச்சுது. அதை வச்சுக் கேலி பேச எனக்கு வாய் வராது, உங்க மாடிக்கே வருவோம்.

நீங்க யார்கிட்ட வேலையைப் பேசி யார் கையில பணம் குடுத்தீங்களோ, அவரு சட்டையைப் பிடிங்க. அவரு பத்துப் பேரை உள்ள இறக்கி வேலையைப் பிரிச்சுக் குடுத்திருக்கலாம், அது அவரு பாடு. உள்ள வந்த டைல்ஸ்காரனுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே கிடையாது. கான்ட்ராக்டர் உங்களுக்கு நட்டஈடு அழுதுட்டு, அப்புறம் அவன்கிட்ட வசூல் பண்ணட்டும். என்ன, அவன் அசட்டையா வச்ச கல்லு எவன் தலையிலயாச்சும் விழுந்தா, அப்போ அவனும் நேராப் பதில் சொல்லணும்.

ஆனா உங்களை மாதிரி புத்திசாலிங்க ஒண்ணு பண்ணுவீங்க. சதுர அடிக்கு நாலு காசு மிச்சம்னு லேபர் கான்ட்ராக்ட் விட்டுட்டு, சிமெண்டை நீங்களே வாங்கிப் போட்டு, பிளம்பரையும் நீங்களே கூட்டிட்டு வருவீங்க. அப்போ கான்ட்ராக்டர் யாருங்க? கண்ணாடியில பாருங்க. கொத்தனார் கைவேலைக்குத்தான் அவரு பொறுப்பு, சிமெண்டுக்கு நீங்கதான்.

வீடு கட்டித் தர்றதும் சேவைதான், குறை இருந்தா நுகர்வோர் வழக்குப் போடலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 1993-லயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குல சொல்லிருச்சு. இப்போ இருக்கிறது 2019-ஆம் வருசச் சட்டம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணமே இல்ல. வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்ல. ரெண்டு வருசத்துக்குள்ள போயிறணும். நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு. ஆண்டாளையும் கும்பிட்டுட்டு, பால்கோவாவும் வாங்கியாரலாம்.

அதுக்குள்ள ஆத்திரத்துல டைல்ஸைப் பேத்துப் பூசிறாதீங்க. முதல்ல போட்டோ எடுங்க, ஒரு இன்ஜினியரைக் கூட்டியாந்து எழுதி வாங்குங்க. பணம் குடுத்ததுக்குத் துண்டுச்சீட்டு இருக்கா? இல்லையா? ஜிபே-ல அனுப்புனதாச்சும் இருக்கும்ல? நல்லவேளை, கையெழுத்து வாங்கக் கூச்சப்படுற சனத்துக்குன்னே அந்தப் போனைக் கண்டுபிடிச்சிருக்கான்.

ஓசியா செஞ்ச வேலைக்கு மட்டும் அந்த ஆணையத்துல கேஸ் நிக்காது, அதையும் சொல்லிட்டேன்.

என்ன மாப்ள, அப்படிப் பாக்குறீங்க? ஆமா, அந்த டைல்ஸ் பதிச்சது என் மகன், உங்க மச்சினன்தான். அதுக்காகவா நான் கான்ட்ராக்டரைப் பிடிங்கன்னு சொல்றேன்? சட்டம் சொல்லுதுய்யா! அது கிடக்கட்டும், நீங்க கான்ட்ராக்டருக்குத் தெரியாம, நேரா அவன் கையில காசு கீசு எதுவும் குடுத்துறலையே?