மாட்டுவண்டிக்கு எதுக்குடா லாந்தர்?

வாடா பேராண்டி, உக்காரு. மெக்கானிக் கடைக்குத்தானே கிளம்பிட்டே? புது வண்டியில ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் இல்லேன்னு நேத்திலேருந்து உன் மூஞ்சியில லைட் எரியல. பட்டப்பகல்ல எரியுது, பேட்டரி போவுது, பெட்ரோல் போவுதுங்கறே. நியாயந்தான். கூப்பிடு தூரத்துல இருக்கிற மாஸ்க் ரோட்டுல சமோசா வாங்க வண்டி எடுக்கிறவன் நீ. உன் சிக்கனம் எனக்குத் தெரியாதா?

இஞ்சின் ஓடுற வரைக்கும் கரண்ட்டை அதுவே பண்ணிக்கும்டா. இஞ்சின் நின்னா லைட்டும் நிக்கும். பேட்டரியைத் தின்ன அதுக்கு நேரமே இல்ல.

2017 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினமாப் பார்த்துத்தான் சட்டத்தைக் கொண்டாந்தாங்க. புதுசா விக்கிற ரெண்டு சக்கர வண்டியில இஞ்சின் ஓடினா லைட் எரியணும். சட்டம்னு சொன்னா நம்ம ஜனம் கேக்குமா? ஸ்டூவர்ட் பிரேசர்ங்கிற வெள்ளைக்காரன் பேரை எடுத்துட்டு பெங்களூர்ல நம்ம இந்த ஏரியாவுக்குப் புலிகேசி நகர்னு பேர் வச்சாங்க. பேர் போர்டுல இருக்கு, வாயில இன்னும் பிரேசர் டவுன்தான். இது தெரிஞ்சுதான் சர்க்கார்க்காரன் லைட்டைப் போடுன்னு கெஞ்சாம சுவிட்சையே புடுங்கிட்டான். கெட்டிக்காரன்.

அந்த வருஷம் நடந்த கூத்தைக் கேளு. எதிர்ல வர்றவனெல்லாம், புது வண்டியில போற உங்கப்பனைப் பார்த்து, லைட் எரியுதுன்னு கையை மூடி மூடித் திறப்பான். சிக்னல்ல நின்னா பக்கத்து ஆட்டோக்காரர், "லைட் ஆஃப் மாடி சார்"ம்பார். இந்த ஊர்ல முன்பின் தெரியாதவன் நமக்காகக் கவலைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கப்பன் வெல்லம் ஏத்திக்கிட்டு ராத்திரியில சந்தைக்குப் போவான். வண்டிக்கு அடியில லாந்தர் தொங்கும். மாட்டுக்குப் பாதை தெரியும். எங்கப்பன் மூட்டை மேல குறட்டை விட்டுக்கிட்டிருப்பான். அப்ப விளக்கு யாருக்கு? பின்னால வர்ற லாரிக்காரனுக்கு. நீ பாக்கறதுக்கு இல்லடா, உன்னைப் பாக்கறதுக்கு.

மத்தியானம் கோல்ஸ் ரோட்டுல நின்னு பாரு. வெயிலும் மர நெழலும் திட்டுத்திட்டா விழுந்து கிடக்கும். உனக்குக் கருப்பு வண்டி, கருப்புச் சட்டை, கருப்பு ஹெல்மெட். நெழலுக்குள்ள நுழைஞ்சா ஆளையே காணோம். வலப்பக்கம் திரும்புற கார்க்காரன் எதிர்ல பஸ் வந்தா நிப்பான். கோடு மாதிரி வர்ற உன்னைக் கண்டாலும், தூரத்துல வர்றான்னு நெனச்சு வண்டியைத் திருப்பிடுவான். மலேசியாவுல 1992லேயே மோட்டார் சைக்கிளுக்குப் பகல் லைட் சட்டம் வந்துடுச்சு. அங்க இருக்கிற நம்ம ஜனமெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போவுது. யாரும் பேட்டரிக்கு அழல.

"அப்ப காருக்கும் போடச் சொல்லலாமே"ங்கறியா? சுவீடன்ல 1977லேருந்து எல்லா வண்டிக்கும் உண்டு. குளிர்காலத்துல அங்க பகல்னு பேருக்கு எட்டிப் பாத்துட்டுப் போயிடும், அவங்களுக்கு வேணும். ஆஸ்திரியாக்காரன் 2005ல எல்லாருக்கும்னு கொண்டாந்தான், 2008ல வாபஸ் வாங்கிட்டான். இங்க சூரியன் சம்பளம் வாங்காம வேலை செய்யுது. எல்லாரும் கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி மினுக்கினா உன்னை மாதிரி ஒல்லிப்பய எங்க தெரிவான்? ரெண்டு சக்கரத்துக்கு வேணும், காருக்கு வேணாம். என் தீர்ப்பு அவ்வளவுதான்.

ஆனாலும் ஆசைப்பட்டுட்டே, சுவிட்ச் வச்சுக்கோ. பகல்ல இருட்டா போ. ராத்திரியில ஹை பீம் போட்டு ஊர்க்காரன் கண்ணையெல்லாம் அவிக்கறியே, அதுக்கும் ஒரு சுவிட்ச் வேணும்ல? அது வண்டியிலேயே இருக்குடா. இடது கட்டைவிரலுக்குப் பக்கத்துல, கம்பெனிக்காரனே வச்சுக் குடுத்திருக்கான். உனக்கு யாருமே காட்டலியா?

மெக்கானிக் எவ்வளவு கேட்டான்? அந்தக் காசுல சமோசா வாங்கிட்டு வா. நடந்தே போ. இருட்டறதுக்குள்ள திரும்பிடு, உன்னை மாதிரி எவனாவது ஹை பீம் போட்டுக்கிட்டு எதிர்ல வருவான்.