கச்சானும் வாடையும் அடிக்கும் பெயின்ற்

திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் நின்று காருக்கு ஸ்ப்ரே பெயின்ற் அடிக்கப் பழகுகிறவர் முதலில் சந்தேகப்படுவது தன் கையைத்தான். மணிக்கட்டு வளையக்கூடாது, கன் தகட்டிலிருந்து ஆறேழு அங்குலம் தள்ளி நிற்கவேண்டும், முதல் வரியின் பாதியை அடுத்த வரி மூடவேண்டும் என்று மந்திரம்போல உருப்போடுகிறார். இதெல்லாம் பழைய மட்காட் ஒன்றில் அடித்து அடித்துப் பார்த்தால் படிந்துவிடும். கை நிரபராதி. இந்த ஊரில் குற்றவாளி காற்று. அதைப் படிக்காமல் கன்னைத் தூக்குகிறவர் எத்தனை கோட் அடித்தாலும் ஒன்றுதான். இது வேலையில்லாதவரின் பொழுதுபோக்கு என்றும் தள்ளிவிட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசு, தனியார் கார்களுக்கு மறுபடி வழிவிட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் துருப்பிடித்த பழைய சனி, கொரோலா கார்களுக்கு ஏறிய மவுசில், உப்புக்காற்று தின்ற பொனற்றைக்கூடக் குடும்பச் சொத்தாகவே பார்க்கப் பழகிவிட்டோம்.

காற்று செய்யும் வேலையைக் கவனியுங்கள். என்.சி. எனப்படும் நைட்ரோசெலுலோஸ் பெயின்ற் காய்வது தின்னர் ஆவியாவதால். ஆவியாகும் தின்னர் தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. வாடைக்கால ஈரத்தில் தகடு அப்படிக் குளிர்ந்தால், காற்றிலிருக்கும் நீராவி புதுப் பெயின்றின்மேலேயே தண்ணீராகப் படியும். கறுப்பு அடித்தவர் கண்ணெதிரே அது பால் கலந்த தேத்தண்ணி நிறத்துக்கு வரும். கச்சான் காலத்தில் கதை நேர்மாறு. மேற்கிலிருந்து அனலாக வரும் காற்றில் பெயின்ற் துளி கன்னிலிருந்து தகட்டுக்குப் போகும் வழியிலேயே பாதி காய்ந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த துளிகள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே குந்தியிருக்கும். கராஜ்காரர் இதை ஒரேஞ் பீல் என்பார். இரண்டுக்கும் மருந்து கிட்டத்தட்ட ஒன்றே: மெதுவாகக் காயும் தின்னர். ஆனால் பழகுகிறவர், மழைக்காலத்தில் காயச் சுணங்குமே என்று கவலைப்பட்டு, வேகமாகக் காயும் தின்னரைத் தேடி வாங்குவார். தகடு இன்னும் குளிரும், பெயின்ற் இன்னும் வெளுக்கும். அவர் தன் கையைத் திட்டிக்கொள்வார்.

‘இதே காற்றில்தானே கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள், காருக்கு மட்டும் என்ன தனிச் சீதனம்?’ என்று துறைமுகப் பக்கம் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கப்பலுக்கு முறையாகப் பெயின்ற் அடிப்பவர்கள் நம்மைவிட வானிலைக்குப் பயந்தவர்கள். இரும்பின் சூடு பனிபடியும் வெப்பநிலையைவிட 3 பாகையாவது கூடியிருக்கவேண்டும், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அவர்களின் பொது விதி. மழைக்கால விடியற்காலையில் இந்த ஊர்க் காற்று அந்த 85ஐச் சாதாரணமாகத் தாண்டும். அதோடு அவர்கள் இரும்பை முதலில் நல்ல தண்ணீரால் கழுவுகிறார்கள். முற்றத்துப் பெயின்ரரோ தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் திருப்திப்படுகிறார். உப்பு தின்னரில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். துடைத்த துணி உப்பைக் கதவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சில மாதம் கழித்துப் பெயின்றுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும்போது கடைக்காரன் பழைய பெயின்ற் தந்துவிட்டான் என்று ஏச்சு விழும். இன்னொன்றும் உண்டு. கப்பலின் பக்கவாட்டில் யாரும் முகம்பார்த்துத் தலை சீவுவதில்லை. காரை ஒரு முழம் தள்ளி நின்று, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க ஒரு மச்சான் எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

காற்றுத்தானே பிரச்சினை, போட்டிக்கோவைச் சுற்றிப் பொலித்தீன் கட்டிவிட்டால் போகிறது என்பது அடுத்த வாதம். கட்டலாம். முருங்கைப் பூவும் நுளம்பும் ஈரப் பெயின்றில் வந்து ஒட்டாது. ஆனால் தூசி எழும்பாமலிருக்க நிலத்தில் தண்ணீர் தெளித்தால் உள்ளே ஈரம் ஏறுகிறது. தெளிக்காவிட்டால் தூசி ஏறுகிறது. வெளியேற வழியில்லாத பெயின்ற் புகை காய்ந்த மாவாகக் காரின் கூரைமேலேயே இறங்கும். தின்னர் ஆவி நிறைந்த கூடாரத்துக்குள் மின்விசிறியைப் போட்டால் அதன் பொறி ஒன்று போதும், காரோடு வீடும் புதுக்க வேண்டிவரும்.

ஈரத்தில் என்.சி. போல எளிதில் வெளுக்காத, ஹாட்னர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்றுக்குத் தாவலாமே என்றால், அதன் ஹாட்னரில் இருக்கும் ஐசோசயனேற் மூச்சுக்குழாயைப் பிடித்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது. கொவிட் காலத்தில் மிஞ்சிய முகக்கவசம் அதற்குக் காணாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். இந்தக் கன்னின் பூர்வீகத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் அலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தோமஸ் 1907இல் அந்த வழியிலேயே பெயின்ற் தெளிக்கும் கன்னை உருவாக்கினார். தொண்டையைக் காக்க வந்த சாமான் தொண்டைக்கே எதிரியாகிவிட்டது. ஆக, வீட்டுக்காரருக்கு நுரையீரலை ஓரளவு விட்டுவைக்கும் பெயின்ற் என்.சி.தான். வாடையில் வெளுப்பதும் அதுவேதான்.

‘அப்படியானால் கராஜில் குடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாமே’ என்பது கடைசி வாதம். காசுக் கணக்கில் அது சரி. கொம்பிரசர், அதன் தண்ணீர்ப் பொறி, கன், சாண்ட் பேப்பர், முகமூடி எல்லாவற்றையும் கூட்டினால் முதல் காரில் மிச்சம் பிடித்த ஆள் இருக்கமாட்டார். ஆனால் வெயில் ஏறித் தகடு காய்ந்தபிறகு, காற்றுப் பிடிக்கமுன் கிடைக்கும் இரண்டொரு மணித்தியாலத்துக்காகக் காத்திருக்க வாடிக்கை குவிந்த கராஜுக்கு நேரமில்லை. நேரம் இருப்பது வீட்டுக்காரரிடம். அவருக்குள்ள ஒரே தொழில் அனுகூலம் அது. அதை வைத்துக்கொண்டு பெற்றோல் மூடியிலோ பொனற்றின் உட்புறத்திலோ தொடங்கட்டும். சில்வரைத் தொடவேண்டாம், அதிலுள்ள அலுமினியத் துகள் ஒவ்வொரு கைத்தடுமாற்றத்தையும் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைதான் உகந்தது. வெள்ளை வெளுத்தால் மச்சானுக்கும் தெரியாது. பக்கத்துக் கதவின் பழைய வெள்ளை வெயிலில் மஞ்சளித்திருப்பது மட்டும் பளிச்சென்று தெரியும். அதையும் அடித்துவிடுவோம் என்று அவர் சாண்ட் பேப்பரை எடுக்கும்போது ஐப்பசி பிறந்திருக்கும்.