துறவறம் தந்த தொட்டில்

கேள்வி: சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் ஊசிகளுள், சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பழைய மருந்து சிறந்ததா, ஆய்வுக்கூடத்தில் உருவான புதிய மருந்து சிறந்ததா?

பதில்: மாதவிடாய் நின்ற இத்தாலியக் கன்னியாஸ்திரீகளின் சிறுநீரிலிருந்து வடித்தெடுத்த பெர்கோனால் என்னும் ஔஷதத்தின் பயனாய் 1962இல் இஸ்ரேலில் ஒரு குழந்தை பிறந்ததென்றால், துறவறம் இல்லறத்துக்குச் செய்த உபகாரங்களுள் இதனினும் உன்னதமானது வேறுண்டோ? 1990களில் வந்த புதிய மருந்தோ, சீன வெள்ளெலியின் சினைப்பை உயிரணுக்களில் மனித மரபணுவைப் புகுத்தி உண்டாக்கியது. தூய்மையில் மேம்பட்டது, விலையிலும் பெரும்பாலும் உயர்ந்தது. ஆயினும், குழந்தைப்பேறு என்னும் பலனில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை என்பதே ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் கண்ட முடிவு. ஆகையால், மருந்தின் குலத்தை விசாரிப்பதைக் காட்டிலும், அளவறிந்து கொடுத்து, கருமுட்டைப் பைகளின் வளர்ச்சியை ஸ்கேனில் கண்காணித்து, மிகைத்தூண்டல் என்னும் ஆபத்தைத் தவிர்க்கவல்ல வைத்தியரை விசாரித்தறிவதே விவேகம்.